ஃபர்னஸ் ஃபில்டர்: பெரிய எண்ணா, அதிகத் தடிமனா?

டொராண்டோ, மினியாப்பொலிஸ் மாதிரியான குளிர் ஊர்களில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குள் போகும் காற்றில் தூசியைப் பிடிக்கிற ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எந்த அட்டையில் பெரிய எண் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு அங்குல ஃபில்டர் மட்டுமே நுழையும் ஃபர்னஸ் என்றால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

அந்த எண்ணுக்குப் பெயர் மெர்வ். எண் கூடினால் இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று அர்த்தம். ஃபில்ட்ரீட் பெட்டியில் எம்பிஆர் என்றும், ஹோம் டிப்போவில் எஃப்பிஆர் என்றும் வேறு கணக்கு போடுவார்கள். எஃப்பிஆர் 10 என்றால் மெர்வ் 10 என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டியின் ஓரத்தில் மெர்வ் எண்ணையும் போட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

ஆக மலிவானது, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும் கண்ணாடி இழை ஃபில்டர். 3 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள தூசியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது பிடிக்காது. முடியும் பஞ்சும் காற்றைத் தள்ளும் விசிறியான புளோவருக்குள் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். கழுவிப் போடும் வகை சிக்கனமாகத் தெரியும். ஆனால் அதில் பலவும் நுண்ணிய தூசியை விட்டுவிடும். ஈரம் காயாமல் திரும்பச் செருகினால் பூஞ்சை வேறு. எனக்கு அது சரிப்படவில்லை.

மடிப்பு வைத்த மெர்வ் 8, அதே 3–10 மைக்ரான் தூசியில் 70 சதவீதமாவது பிடிக்கும். மகரந்தத்துக்கு அது போதும். மெர்வ் 11, 1 முதல் 3 மைக்ரான் துகள்களில் 65 சதவீதத்தையாவது நிறுத்தும். மெர்வ் 13 தான் 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள புகைத் துகள்களில் பாதியையாவது பிடிக்கும். 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ஊரை மூடியபோது அதற்கு மதிப்பு இருந்தது.

சிக்கல் காற்றோட்டத்தில்தான். ஒரு அங்குலத் தடிமனில் மடிப்புகள் குட்டையாக இருக்கும். நெருக்கமான துணி, பரப்பும் குறைவு என்றால் புளோவர் திணறும், தூசி ஏற ஏற இன்னும் மோசமாகும். காற்று குறைந்தால் உள்ளே சூடு ஏறி அதிகச் சூட்டில் தானாக அணைக்கும் லிமிட் சுவிட்ச் பர்னரை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி எரியும், மறுபடி நிற்கும். வீடு சூடாகாது. கோடையில் இதே காரணத்தால் காற்றைக் குளிர்விக்கும் ஏசி காயிலில் ஐஸ் கட்டும்.

நான்கைந்து அங்குலத் தடிமன் ஃபில்டரில் இந்தத் தொல்லை குறைவு. முகப்பு அதே 16க்கு 25 அங்குலம்தான். மடிப்பு ஆழமாக இருப்பதால் உள்ளே பல மடங்கு பரப்பு கிடைக்கிறது. மெர்வ் 13 போட்டாலும் காற்று சுலபமாகப் போகும். மாற்றுவதும் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறைதான். ஒரு அங்குலத்தை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். தடிமன் ஃபில்டருக்குத் தகடு வெட்டித் தனிப் பெட்டி பொருத்த வேண்டும், டெக்னீஷியன் கூலி கொஞ்சம் கடிக்கும். இருந்தாலும் சொந்த வீடு, அலர்ஜி உள்ள குழந்தை என்றால் நான் இதற்குத்தான் செலவழிப்பேன்.

வாடகை வீட்டில் அது நடக்காது. மெர்வ் 8 அல்லது 11 வாங்கி, குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெளுத்த மடிப்புகளுக்கு நடுவே சாம்பல் நிறக் கம்பளி மாதிரி படிந்திருந்தால் மாற்றும் நேரம். உங்கள் ஃபர்னஸ் தாங்குமென்றால் புகை நாட்களுக்கு மட்டும் 13 போட்டு, பிறகு கழற்றிவிடலாம். இல்லாவிட்டால் படுக்கையறைக்கு நுண்தூசியைப் பிடிக்கும் ஒரு ஹெப்பா பியூரிஃபையர் வைப்பது மேல்.

எதை வாங்கினாலும் ஓரத்திலுள்ள அம்புக்குறி புளோவர் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். அளவு 16க்கு 25 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் கால் அங்குலமாவது குறைவாகத்தான் இருக்கும், அது சகஜம். செருகும் வாயில் மூடி இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த இடைவெளி வழியே தூசி ஃபில்டரைத் தொடாமலே உள்ளே போகும். அப்புறம், தாளிப்பு வாசனையை மெர்வ் 13 நிறுத்தாது. அதற்கு அடுப்புக்கு மேலிருக்கும் ஃபேன் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும்.