டைமண்ட் கை பேட்: நான்கு வருடம் தேய்த்துப் பார்த்த பிறகு

இந்த செட்டை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மொத்தம் ஏழு பேட்: 60, 120, 200, 400, 800, 1800, 3500. எண் ஏற ஏறத் துகள் நுணுக்கமாகும். உள்ளங்கையில் அடங்கும் ஃபோம் கட்டை, அதன் ஒரு முகத்தில் வைரத்துகள் பதித்த படலம், அவ்வளவுதான். மோட்டார் இல்லை, வயர் இல்லை. சமையல் மேடையின் கிரானைட் ஓரத்தில் பெயர்ந்துபோன ஒரு சில்லைச் சரிசெய்யத்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு ஒரு கண்ணாடி அலமாரித் தட்டு, மார்பிள் ஜன்னல் திண்டு, நானே வார்த்த இரண்டு கான்கிரீட் பலகைகள் என்று வேலை நீண்டுகொண்டே போனது. கையால் கல் தேய்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த பேட் கல்லுக்குப் பளபளப்பை ஏற்றுவதில்லை, கீறலைக் குறைக்கிறது. 200 எண்ணில் இருக்கும் துகள் சுமார் 75 மைக்ரான், மெல்லிய தலைமுடியின் தடிமன். அது போடும் கீறலை 400 அழிக்கும், 400 போட்டதை 800 அழிக்கும். கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்த பிறகுதான் வெளிச்சம் சிதறாமல் நேராகத் திரும்பி வருகிறது. பளபளப்பு என்பது அதுதான். இது புரியாமல் முதல் வாரம் முழுக்க 3500 பேடை வைத்துக்கொண்டு கல்லோடு மல்லுக்கட்டினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

கிரானைட் வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், நான் கற்றதில் பாதி அதில்தான் இருக்கிறது. சில்லு பெயர்ந்த குழியை அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) நிரப்பினேன். நிறம் பொருந்தட்டும் என்று, அதே கல்லைத் தேய்த்தபோது வழிந்த சேற்றைக் காயவைத்து, அந்தப் பொடியையே எபாக்சியில் கலந்தேன். கல் கறுப்பு, ஆனால் அதன் பொடி சாம்பல் நிறம்! கறுப்பு மேடையில் வெளிறிய திட்டாக அது நின்றது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்பு நிறமி கலந்து மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. மட்டத்தைவிடக் கொஞ்சம் மேடாகவே நிரப்பி, ஒரு நாள் முழுக்க இறுக விட்டு, மேலே நிற்பதை பிளேடால் சீவிய பிறகுதான் பேடை எடுத்தேன்.

அங்கே இன்னொரு சிக்கல். எபாக்சி மெத்து, கல் கடினம். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7. ஃபோம் வைத்த பேட் மேற்பரப்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் என்பதால், கல்லை விட்டுவிட்டு எபாக்சியை மட்டும் தின்றுகொண்டு போகும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். பேடுக்குப் பின்னால் ஒரு தட்டையான மரக்கட்டையை வைத்து அழுத்திய பிறகுதான் மட்டம் வந்தது. வளைந்த ஓரத்துக்கு ஃபோம், சமதளத்துக்குக் கட்டை. இன்றுவரை இதை மாற்றவில்லை.

தேய்க்கும் முறைக்கு வருகிறேன். ஒரு எண்ணில் இடம் வலமாகத் தேய்த்தால், அடுத்த எண்ணில் மேலும் கீழுமாகத் தேய்க்கிறேன். பழைய கீறல் குறுக்கே கிடப்பதால், அது போய்விட்டதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். எண்ணை மாற்றும் முன் தண்ணீரைத் துடைத்து, கல்லை முழுதாகக் காயவைத்து, டார்ச்சைக் கல்லின் பரப்பை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரக்கல் பொய் சொல்லும். கீறலைத் தண்ணீர் நிரப்பிக்கொள்வதால் எல்லாம் வழவழவென்று தெரியும், காய்ந்ததும் அத்தனை கோடும் எழுந்து வரும். 60 போட்ட ஒரு ஆழமான கோட்டை 200-இல் விட்டுவைத்தால், 1800-இல் அது பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். பிறகு திரும்பவும் 200-க்கு இறங்க வேண்டியதுதான். என் நேரத்தில் பாதிக்கு மேல் 200, 400 இரண்டிலும்தான் போகிறது. 800-க்கு மேல் ஒவ்வொன்றும் சில நிமிட வேலை.

ஒவ்வொரு எண்ணுக்கும் தண்ணீரையும் துணியையும் மாற்றுங்கள். 120-இன் துகள் ஒன்று 800 தேய்க்கும் தண்ணீரில் கிடந்தால் போதும், ஒரு மணி நேர வேலை வீண்.

புது பேட் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த வகையில் வைரத்துகள் நிக்கல் முலாமால் ஒரே அடுக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். புதிதில் சில துகள்கள் மற்றவற்றைவிட உயரமாகத் துருத்திக்கொண்டு நிற்பதால், அச்சிட்ட எண்ணைவிட முரடாகவே வெட்டும். என் 400 பேடில் அப்படி ஒரு முரட்டுத்துகள் இருந்தது. ஒவ்வொரு இழுப்பிலும் ஒரே இடத்தில் ஒரு தனிக்கோடு விழுந்தது, குற்றவாளி எது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இப்போதெல்லாம் எந்தப் புது பேடையும் முதலில் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்க்கிறேன். கண்ணாடியில் தப்பு ஒளியாது. தனிக்கோடு விழுவது நின்றால் கல்லுக்குக் கொண்டுபோவேன், நிற்காவிட்டால் அந்த பேட் கான்கிரீட்டுக்கு. அந்த 400-க்குப் பதில் வேறு ஒன்று தனியாக வாங்கினேன்.

கண்ணாடியில் இந்த செட் அருமையாக வேலை செய்தது விளிம்புக்குத்தான். வெட்டிய ஓரத்தின் கூர்மையை 120-இல் மழுக்கி, 200, 400 என்று போனால், விரலை ஓட்டினாலும் வெட்டாத, பால் போன்ற மங்கலான ஓரம் கிடைக்கும். ஆனால் கண்ணாடியின் முகத்தில் விழுந்த கீறலுக்கு டைமண்ட் பேடை எடுக்கவே வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் குழித்துவிட்டால், அதன் வழியே பார்க்கும் எல்லாம் நெளியும். நகத்தில் நிரடாத மெல்லிய கீறல் என்றால் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் துணியால் பொறுமையாகத் தேய்த்தால் போய்விடுகிறது. நகம் மாட்டுகிற கீறலை நான் தொடுவதில்லை. அப்புறம், டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியின் விளிம்பைத் தேய்க்கவே கூடாது. அதன் மேல்தோல் அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருப்பதால், அந்தச் சமநிலை கெட்டால் முழுத் தட்டும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். முத்திரை இல்லாமல் சந்தேகம் இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

மார்பிள் எதிர்பார்த்ததைவிட எளிது. அதன் கால்சைட் மோஸ் அளவில் 3 தான், பேட் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். ஜன்னல் திண்டில் எலுமிச்சைச் சாறு சிந்தி, அந்த இடம் வட்டமாக மங்கியிருந்தது. அது கறை இல்லை, அமிலம் கல்லையே கொஞ்சம் கரைத்துவிட்ட வடு. எத்தனை துடைத்தாலும் போகாது. 400-இல் தொடங்கி 3500 வரை போய், கடைசியில் ஆக்சாலிக் அமிலம் கலந்த பாலிஷ் பொடியால் முடித்தேன். அந்த வடு இப்போது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பொடி நச்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

கான்கிரீட் பலகைக்கு 28 நாள் காத்திருந்துவிட்டுத் தேய்த்தேன். 60 பேட் மேல்தோலை எடுத்ததும் ஊசித்துளைகள் வெளியே வந்தன. அதே சிமென்ட்டைக் கூழாகக் கரைத்து அடைத்து, இறுகவிட்டு, மறுபடி 120. இடையில் சிலிக்கேட் கலந்த கெட்டிப்படுத்தும் திரவத்தை ஒரு முறை பூசினேன். அது கான்கிரீட்டில் மிச்சம் இருக்கும் சுண்ணத்தோடு வினைபுரிந்து துளைகளை இறுக்குகிறது, பிறகு மேற்பரப்பு பொடி உதிர்வதில்லை. 800-இல் நிறுத்திக்கொண்டேன், அந்த மெல்லிய மினுக்கே கான்கிரீட்டுக்கு அழகு. இதில் வழியும் சேறு கடுமையான காரத்தன்மை கொண்டது, தோலை அரிக்கும். முதல் பலகையை வெறுங்கையால் தேய்த்து, விரல் நுனிகளில் தோல் வெடித்து ஒரு வாரம் அவதிப்பட்டேன்.

எந்தக் கல்லானாலும் ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும். கிரானைட், கான்கிரீட் இரண்டின் தூசியிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைக் கொண்டுவரும். காய்ந்த சேற்றைப் பெருக்காதீர்கள், ஈரமாக இருக்கும்போதே வழித்துத் துடைத்துவிடுங்கள். என்னைப் போல அந்தச் சேற்றைப் பொடியாக்கப் போகிறீர்கள் என்றால் தகுந்த முகக்கவசம் கட்டாயம்.

குறைகள் என்று பார்த்தால், பெரிய பரப்புக்கு இது ஆகாது. ஒரு முழு மேடையைக் கையால் முடிக்க நினைத்தால் தோள்பட்டை தாங்காது, மட்டமும் அலை அலையாகப் போய்விடும். கறுப்பு கிரானைட்டில் 3500 வரை போனாலும் ஆலைப் பாலிஷின் ஆழம் வரவில்லை. நான் ஒட்டிய ஓரத்தை ஒரு கோணத்தில் பார்த்தால் இன்றும் கொஞ்சம் மங்கல்தான். இரண்டாம் வருடம் 120-இன் ஃபோம் பசை விட்டுக் கழன்றது. தண்ணீர்த் தொட்டியிலேயே ஊறப்போட்டு வைத்த பழக்கம்தான் காரணம். இப்போது கழுவிய உடனே ஃபோமைப் பிழிந்து நிழலில் காயவைக்கிறேன், அதன் பிறகு வேறெதுவும் கழலவில்லை.

60 பேடைக் கான்கிரீட் முற்றிலும் தின்றுவிட்டது, இப்போது விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கிறது. 200 இரண்டாவது முறை வாங்கியது, அதுவும் பாதி தேய்ந்துவிட்டது. மாற்றி வாங்கிய 400-உம் அதே நிலையில்தான். திரும்பவும் வாங்குவதென்றால் முழு செட் வாங்கமாட்டேன், 200-இலும் 400-இலும் இரண்டிரண்டு எடுப்பேன். முதல் வாரம் அத்தனை பாடுபடுத்திய அந்த 3500 மட்டும், நான்கு வருடம் கழித்தும் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கிறது.