கல்யாணத்துக்குப் பிறகு வரிக் கணக்கு: தனித்தனியா, சேர்த்தா?

கல்யாணம் ஆகிவிட்டால் வருமான வரியைச் சேர்த்துக் காட்டினால்தான் மிச்சம் என்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பேச்சு உண்டு. குடும்பம் ஒன்றானால் கணக்கும் ஒன்றுதானே என்பார்கள். நான் எஸ்டேட் ஆபீஸில் கிராணி (குமாஸ்தா), மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் மாதச் சம்பளம் வருகிறது. நாங்கள் தனித்தனியாகத்தான் போட்டோம். எங்களைப் போல இருவரும் சம்பாதிக்கும் வீடுகளுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

சேர்த்துப் போட்டால் ஒரே பாரத்தோடு (வரிப் படிவத்தோடு) வேலை முடியும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் வருமானம் இருந்தால், அப்போதும் சம்பளக்காரர்கள் நிரப்பும் பிஇ பாரத்தை ஆளுக்கொன்றாக அனுப்பத்தான் வேண்டும். ஆக, பேச வேண்டியது பணத்தை மட்டும்தான்.

தனித்தனியாகப் போட்டால் ஆளுக்கு 9,000 ரிங்கிட் சொந்தக் கழிவு, அதாவது வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் தொகை. சேர்த்தால், யார் பேரில் சேர்க்கிறோமோ அவருக்கு 9,000, துணைக்கு 4,000 மட்டும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கழிவும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே 4,000 தான். இதைவிடப் பெரியது 35,000 ரிங்கிட் என்கிற கோடு. வரிக்குரிய வருமானம் அதைத் தாண்டாத வரை வரியில் 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஒரு ரிங்கிட் தாண்டினாலும் அது போய்விடும்.

ஒரு கணக்கு போடுவோம். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), புத்தகம், இன்டர்நெட் போன்ற மற்றக் கழிவுகளை ஒதுக்கி வைப்போம். கணவருக்கு ஆண்டுக்கு 48,000, மனைவிக்கு 24,000. தனியாகப் போட்டால் கணவரின் வருமானத்தில் 9,000, 4,000 கழிந்து சரியாக 35,000 நிற்கும். 2023 வரி ஆண்டில் வந்த விகிதப்படி அதற்கு வரி 600. தள்ளுபடி போக 200. மனைவியின் வரி நூறைக்கூடத் தொடாது, தள்ளுபடியில் அதுவும் காலி. வீட்டுக்கு மொத்தம் 200 ரிங்கிட்.

இப்போது சேர்ப்போம். 72,000இல் 9,000, 4,000, 4,000 போக 55,000. மனைவியின் சம்பளம் கணவரின் சம்பளத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதால் 6 விழுக்காடு, 11 விழுக்காடு என்று மேல்படியில் வரி விழுகிறது. தள்ளுபடியும் இல்லை. வரி 2,050. அதாவது 1,850 ரிங்கிட் கூடுதல். துணைக்கான அந்த 4,000 கழிவைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இந்தத் தொகையையும் பார்க்க வேண்டும். சிலர் தனித்தனி என்று தேர்ந்தெடுத்துவிட்டு, வேலைக்குப் போகும் மனைவிக்கும் அந்த 4,000த்தைக் கழித்துவிடுகிறார்கள். அது கூடாது.

மனைவிக்கு வருமானமே இல்லை என்றால் இந்த யோசனையே வேண்டாம். இ-ஃபைலிங்கில் துணைக்கு வருமானம் இல்லாதவர் என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. அதில் 4,000 கழிவு கிடைக்கும்.

சேர்ப்பது லாபமாகும் இடமும் உண்டு. பெரும்பாலும் துணையின் வருமானம் ஆண்டுக்கு 4,000க்குள் இருக்கும்போதுதான். இதை நான் பாரத்தில் செய்ததில்லை, தாளில் போட்டுப் பார்த்ததுதான். அடுத்து குழந்தை வந்தால் மனைவி வேலையை விடலாம் என்று பேச்சு இருப்பதால் போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன அதே கணவர், மனைவி ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் மட்டும் வேலை செய்து 4,000 வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். சேர்த்தால் வரிக்குரிய வருமானம் அதே 35,000. ஆனால் துணைக்கான 400 தள்ளுபடியும் கூடக் கிடைப்பதால் வரி பூஜ்யம். மார்ச்சில் பாதி மாதம் கூடுதலாக வேலை செய்து 5,000 வாங்கியிருந்தால் 36,000 ஆகி, இரண்டு தள்ளுபடியும் போய் 660 கட்ட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் அப்போதும் 200தான்.

தேர்வை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கான 2,000 கழிவு வரும்போது, தனித்தனியாகப் போட்டாலும் அதை அதிக வரி கட்டுகிறவர் பேரில் எழுதினால் போதும்.