64 ஜிபி என்று பெட்டியில் எழுதியிருந்தது

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளுக்கோ வேறு எங்குமோ மலிவாக எம்பி3 பிளேயர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 1,450 ரூபாயும் மூன்று நாள் அலைச்சலும் கொடுத்து நான் தெரிந்துகொண்டது இது.

அப்பாவுக்கு வயது 74. அவரிடம் 90 நிமிடக் கேசட்டுகள் ஏறக்குறைய தொண்ணூறு இருந்தன. நாதசுரக் கச்சேரிகள், வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவுகள், ஊர்த் திருவிழாவில் அவரே டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பதிந்த தவில். நான்கு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றினேன். தரம் குறையக் கூடாது என்று 320 கேபிபிஎஸ் என்ற உயர்ந்த ஒலித்தர அளவில் வைத்ததால் மொத்தம் 20 ஜிபிக்கு வந்து நின்றது. கைப்பேசியில் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஆலாபனை நடுவில் யாராவது அழைத்து, கடன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் பாடும் சின்னப் பெட்டி போதும் என்றார்.

ஆப்பிள் நிறுவனம் 2022 மே மாதத்தோடு ஐபாடையே நிறுத்திவிட்டது. பெயர் தெரிந்த மற்ற பிளேயர்களின் விலை என் கைக்கு எட்டவில்லை. மிச்சம் இருந்தவை, கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் பெயரில்லாப் பெட்டிகள்தாம். ஒன்றின் மேல் 64 ஜிபி, 30 மணி நேர பேட்டரி, லாஸ்லெஸ் (தரம் குறையாத) ஒலி என்று தங்க எழுத்தில் இருந்தது. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எதுவும் இல்லை. சட்டப்படி இவை பெட்டியில் இருக்க வேண்டும். அதைப் பார்த்ததுமே திரும்பியிருக்கலாம்.

ஆனால் நான் விவரமானவன் அல்லவா? கடைக்காரரிடம் கணினியில் செருகிக் காட்டச் சொன்னேன். 59.6 ஜிபி என்று காட்டியது. 64 ஜிபி என்று விற்கும் பொருளை விண்டோஸ் 59.6 என்றுதான் காட்டும், ஒரு ஜிபியை அது கணக்கிடும் முறை வேறு என்பது எனக்குத் தெரியும். சரியான எண் வந்துவிட்டது என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன். என்னைக் கவிழ்த்தது அந்த அரைகுறை விவரம்தான்.

பாட்டுகளை ஏற்றும்போது ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. மறுநாள் காலை நடைக்குப் போன அப்பா பாதியிலேயே திரும்பி வந்தார். “என்னப்பா இது, தோடி என்று எழுதியிருக்கிறது, தனி ஆவர்த்தனம் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் வாரியார் வந்து முருகன் கதை சொல்கிறார்” என்றார். நானும் காதில் வைத்துக் கேட்டேன். திரையில் தோடி. காதில் ஒரு கரகரப்பு, பிறகு வாரியார். முதலில் ஏற்றிய சிலவும் கடைசியாக ஏற்றியவையும் சரியாக இருந்தன. நடுவில் இருந்தவை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன.

நடந்தது இதுதான். உள்ளே இருக்கும் நினைவகச் சில்லு 8 ஜிபி. அதை நடத்தும் கட்டுப்பாட்டுச் சில்லின் மென்பொருளைத் திருத்தி, 64 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்ததும் அது நிறுத்துவதில்லை. ஏற்கெனவே எழுதியதன் மேலேயே எழுதிக்கொண்டு போகிறது. கோப்புகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் பத்திரமாக இருப்பதால் வெளியே பார்த்தால் எல்லாம் இருப்பதுபோலத் தெரியும். கணினி காட்டும் எண் அந்தப் பெட்டி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. கடையில் இரண்டு பாட்டு போட்டுக் காட்டினால் நன்றாகத்தான் பாடும்.

முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தால்தான் பொய் வெளிப்படும். அதற்கு விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரவு ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் வந்த முடிவு: 7.3 ஜிபி மட்டுமே நல்லது, மற்றதெல்லாம் இழப்பு. பேட்டரி மூன்றரை மணி நேரம் தாங்கியது. லாஸ்லெஸ் என்றார்களே என்று ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் வகைக் கோப்பு ஒன்றை ஏற்றினால் திறக்கவே இல்லை.

இன்னொரு கணக்கையும் அப்போதுதான் போட்டேன். 128 கேபிபிஎஸ்ஸில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பிதான் ஆகும். பழைய கேசட் ஒலிக்கு அதுவே தாராளம். அப்படி மாற்றியிருந்தால் அப்பாவின் மொத்தச் சேகரிப்பும் 8 ஜிபிக்குள் அடங்கியிருக்கும். 2001இல் வந்த முதல் ஐபாடே 5 ஜிபிதான். 64 என்ற எண்ணுக்கு நான் ஏன் வாயைப் பிளந்தேன் என்று இன்றும் புரியவில்லை.

கடைக்குப் போனேன். “உங்கள் கணினியில் வைரஸ் இருக்கும் சார்” என்றார். மாற்றிக் கொடுத்த இரண்டாவது பெட்டியும் அதே 7.3. மூன்றாம் நாள், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று முத்திரை குத்திய துண்டுச்சீட்டை நீட்டினார். அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. சீட்டில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீது தராமல் விற்பதும் அப்படியே. ஆனால் என் சீட்டில் கடையின் பெயர்கூட இல்லையே! யார் மேல் புகார் கொடுப்பது? வெளியே வந்து பெயர்ப்பலகையையும் கதவு எண்ணையும் படம் எடுத்தேன். அவர் கண் முன்னால் நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழுத்தினேன். மணி அடிக்கும் முன்பே கல்லாவைத் திறந்தார்.

1,200 ரூபாய் கொடுத்தார். கேபிள் உறையைப் பிரித்துவிட்டேனாம், அதற்கு 250 பிடித்தம். சண்டை போட அலுத்துப்போய் வாங்கிக்கொண்டேன். பிளேயரை அவர் துணியால் துடைத்தார். தங்க எழுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடி, கண்ணாடி அலமாரியில் அது இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். நான் படியிறங்கும்போது ஒரு கல்லூரிப் பையன் அதைக் கைநீட்டிக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தான்.