ஸ்டெம்மை மாற்றவா, பேரிங்கை மாற்றவா?

வேறு பைக்கின் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைப் பிடிக்கும் இரு குழாய்களை) நம் பைக்கில் மாட்டும்போது சிக்கல் ஃபோர்க்கில் இல்லை, அந்தக் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் கீழ் டியிலிருந்து மேலே நிற்கும் ஸ்டெம்மில்தான், அதாவது சேஸின் தலைக்குழாய்க்குள் பேரிங்குகளில் திரும்பும் தண்டில்தான்.

ஒரு வழி, நம் பைக்கின் பழைய ஸ்டெம்மைப் பிரஸ்ஸில் (அழுத்தித் தள்ளும் இயந்திரத்தில்) கழற்றிப் புது டியில் இறக்குவது. நீளமும் மரையும் நம் சேஸுக்கு ஏற்கெனவே சரியாக இருக்கும். ஆனால் டியின் துளையைவிட ஸ்டெம் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டராவது தடிமனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் லேத்தில் புதிதாகக் கடைந்துதான் ஆக வேண்டும். அலுமினிய டியை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 30 மி.மீ. துளை கிட்டத்தட்ட 0.07 மி.மீ. விரியும்; ஸ்டெம்மை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இன்னும் சுலபமாக இறங்கும். லூசாக இருக்கிறதே என்று வெல்டு வைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், அலுமினியத்தில் இரும்பு ஒட்டாது.

இன்னொன்று, வந்த ஸ்டெம்மை அப்படியே விட்டு, உள்விட்டம் அதற்கும் வெளிவிட்டம் நம் சேஸுக்கும் பொருந்துகிற டேப்பர் ரோலர் பேரிங்கைத் தேடுவது. உதாரணமாக, 32006 என்ற எண்ணுள்ள பேரிங் என்றால் 30×55×17 மி.மீ. (உள்விட்டம், வெளிவிட்டம், அகலம்), கோன்செட் (ஸ்டீயரிங் பேரிங் செட்) விற்கும் கடையில் இல்லாவிட்டாலும் பேரிங் கடையில் கிடைக்கும். ஸ்டெம் நீளமாக இருந்தால் ஸ்பேசர் போட்டுச் சமாளிக்கலாம், குட்டையாக இருந்தால் மேல் நட்டு மரையில் பிடிக்காது, கதை முடிந்தது.

நானாக இருந்தால் முதலில் விட்டம் அளக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குத்தான் போவேன். அது பொருந்தாவிட்டால் பிரஸ்.