கழிவுநீர்க் கசடா, மக்கிய தொழுவுரமா? மண் நுண்ணுயிர்களை வைத்து ஓர் ஒப்பீடு

நான் தொழுவுரத்தின் பக்கம். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து அதைத்தான் என் நிலத்துக்கு எடுத்தேன், அதனால் கீழே கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கத்தான் செய்யும்.

கசடு என்பது கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் சேறு. சத்துக் கணக்கில் அது சளைத்ததில்லை. காய்ந்த எடையில் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தாராளம். சாம்பல்சத்து (பொட்டாசியம்) மட்டும் தண்ணீரோடு போய்விடும். எளிதில் சிதையும் சரக்கு என்பதால் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகி, சில வாரத்திலேயே மண் சுவாசமும் (நுண்ணுயிர்கள் வெளிவிடும் கரியமில வாயு) நொதிகளின் வேகமும் ஏறும். தொழுவுரத்திலும் ஏறும், ஆனால் நிதானமாக. முதல் பருவத்தை மட்டும் பார்ப்பவர் கசடைத்தான் எடுப்பார்.

என்னை யோசிக்க வைத்தது கன உலோகம். கரிமப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். துத்தநாகம், செம்பு, காட்மியம், நிக்கல் இதையெல்லாம் தின்ன ஆளில்லை, பயிர் எடுப்பதும் சொற்பம், ஆகவே ஒவ்வொரு முறை போடும்போதும் மிச்சம் மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். இங்கிலாந்தில் வோபர்ன் என்ற இடத்தில் ஒரு பரிசோதனை நிலம். 1942 முதல் 1961 வரை சில பாத்திகளுக்குக் கசடு போட்டார்கள், வேறு சிலவற்றுக்குத் தொழுவுரம். கசடை நிறுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அளந்தபோதும், கசடு கண்ட மண்ணில் நுண்ணுயிர்த் திரள் (உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்களின் மொத்த அளவு) தொழுவுர மண்ணில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். வெள்ளை குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடியின் கதை இன்னும் மோசம்: வேரில் முடிச்சு வந்தது, தழைச்சத்து பிடிக்கவில்லை. வேர் முடிச்சில் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாதான் ரைசோபியம்; உலோகத்தைத் தாங்கி அங்கே பிழைத்திருந்தது பலனில்லாத ரகம்.

பயறு வகை போடுகிறவர்கள் இதை வயலிலேயே ஓரளவு பார்க்கலாம். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது; வெளிறிக் கிடந்தாலோ பச்சையாக இருந்தாலோ நடக்கவில்லை. காரணம் உலோகம்தானா என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும்.

மண் சுவாசத்தை மட்டும் அளந்து திருப்திப்பட வேண்டாம். உலோக நெருக்கடியில் மாட்டிய நுண்ணுயிர்கள் உயிரைத் தக்கவைக்கவே கூடுதல் கரிமத்தை எரிக்கும், அதனால் திரள் குறைந்த மண்ணும் நன்றாக மூச்சு விடுவதுபோல் தெரியும். சுவாசத்தையும் திரளையும் சேர்த்து அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

சரி, கசடின் பக்கமும் பேசுவோம். ஆலைக்கழிவு கலக்காத இன்றைய கசடில் உலோகம் பொதுவாக அந்தக் காலத்தைவிடக் குறைவு. 1986-இல் வந்த ஐரோப்பிய விதி, கசடு போடும் மண்ணில் காட்மியத்துக்கு கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம், துத்தநாகத்துக்கு 150 முதல் 300 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. மண்ணில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் உலோகம் அடங்கியே இருக்கும், சுண்ணாம்பு அதற்கு உதவும். ஆனால் சுண்ணாம்பு கட்டிப்போடத்தான் செய்யும், வெளியேற்றாது. பின்னால் அமிலம் ஏறினால் பழைய பாக்கி மறுபடி கிளம்பும். சுவிட்சர்லாந்து 2006-இல் விவசாயத்தில் கசடையே நிறுத்திவிட்டது.

தொழுவுரமும் அப்பழுக்கில்லாதது என்று சொல்லமாட்டேன். பன்றி, கோழி எரு என்றால் தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் அதிலேயே வரும், மருந்து மிச்சமும் இருக்கலாம். களை விதை தனித் தலைவலி. சூடு அடங்காமல் அம்மோனியா நெடி அடிக்கும் குவியலைத் தொடாதீர்கள்.

கசடை வைக்கோலோடு சேர்த்து மக்கவைப்பது, பயோசார் (காற்றில்லாமல் சுட்ட தாவரக் கரி) கலப்பது இரண்டையும் நான் சொந்தமாகச் செய்து பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன். குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் ஒழியும், உலோகத்துக்கு அந்தச் சூடு ஒன்றுமே இல்லை.

மரம் வளர்க்கும் நிலம், சுரங்கம் தோண்டிப்போட்ட தரிசு, இங்கெல்லாம் கசடு நல்ல வேலை செய்யும், நானே யோசிப்பேன். அப்போதும் ஒவ்வொரு சுமைக்கும் உலோக அறிக்கை கேட்டு வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்த சராசரியைக் காட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.