பேச்சியும் பலகைச் செக்கும்: மூன்று ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் என் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கொட்டகைக்குள் கிடக்கும், நாய் ஓடுவதற்கான மரப்பலகை டிரெட்மில்லின் பேரிங்குகள் அனைத்தையும் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. கையிலிருந்த கிரீஸ் போவதற்குள் சாத்தூரிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணாச்சி, அந்த மிசினு வெலையக் கொறச்சிருக்கானாம், நம்ம பயலுக்கு ஒண்ணு வாங்கிப் போடலாமா?" என்று கேட்டார். பயல் என்று அவர் சொன்னது பதினெட்டு மாதம் நிரம்பிய அவருடைய சிப்பிப்பாறை நாயை. தொலைபேசியில் நான் சொன்ன பதில் கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. ஆகவே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். காரம் குறையும் என்று உறுதி சொல்ல முடியவில்லை.

என்னிடம் இருப்பது கன்னி இனத்தைச் சேர்ந்த ஐந்து வயது நாய். கறுப்பு உடல், புருவத்திலும் கால்களிலும் செம்பழுப்பு, எடை 19 கிலோ, பெயர் பேச்சி. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இந்த இனங்களைக் கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்காகவே வளர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலை வேட்டையாடுவதும் குற்றம். இன்றும் இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எங்கள் தாத்தா காலத்தில் ஒரு வேட்டைக்கும் அடுத்த வேட்டைக்கும் நடுவே நாயைத் தளர்ந்துபோகாமல் வைத்துக்கொள்ளக் கம்மாயிலும் கிணற்றிலும் நீந்தவிடுவார்கள். அந்த இடைவெளி இப்போது நாயின் ஆயுள் முழுவதற்கும் நீண்டுவிட்டது. பேச்சி ஒரு முறைகூட வேட்டைக்குப் போனதில்லை. ஆனால் அது அவளுடைய காலுக்குத் தெரியாது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் ஆகிய பெயர்களைச் சொன்ன பிறகு என்னிடம் குட்டி கேட்டு வந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் ஓராண்டு கழித்து, மெத்தையைக் கிழித்துவிட்டது, மதிலைத் தாண்டிவிட்டது என்று மறுபடியும் அழைத்தார்கள்.

டிரெட்மில் என்றதும் உடற்பயிற்சிக் கூடத்து மோட்டார் இயந்திரத்தை நினைக்க வேண்டாம். இதில் மோட்டார் கிடையாது. இரு பெல்ட்டுகளின் மேல் குறுக்காக முடுக்கப்பட்ட தேக்குப் பலகைகள், வரிசையாக நிற்கும் பேரிங்குகளின் மீது உருள்கின்றன. நாய் முன்னால் அடி எடுத்து வைத்தால் பலகை பின்னால் ஓடும்; நடந்தால் நடை, பாய்ந்தால் பாய்ச்சல், எல்லாம் அவள் விருப்பம். அம்மா முதல் நாளே இதற்குச் செக்கு என்று பெயர் வைத்துவிட்டார். செக்கில் மாடு சுற்றிச் சுற்றி வரும், இதில் நாய் நின்ற இடத்திலேயே ஓடுகிறது, ஆக மொத்தம் இரண்டும் ஊர் போய்ச் சேராது என்பது அவருடைய வாதம்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். என் இயந்திரத்தில் 42 பலகைகள். அசையும் மரத்தின் எடை மட்டும் ஏறக்குறைய 25 கிலோ. ஓடுகிறவளின் எடையைவிட அதிகம். நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது தென்னைமரத்தில் ஒரு மயில் வந்து உட்கார்ந்தால் பேச்சி சட்டென்று நின்றுவிடுவாள். பலகைகள் நிற்பதில்லை. அவை தம் போக்கில் ஓடி அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுபோக, மார்புப் பட்டையில் கட்டிய கயிறு விறைத்து அவளை நிறுத்தும். அதற்குள் பின்னங்கால்கள் இரண்டும் சறுக்கிவிடும். இதைத் தடுக்கவே பிரேக் ஒன்று வைத்திருக்கிறார்கள். பின்பக்க உருளையின் இடப்புறத்தில், ஒரு நைலான் வாரை இறுக்கும் திருகாக, நாயின் தலையருகே நின்று கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு எட்டாத தூரத்தில்! இயந்திரம் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். இரண்டு எட்டு ஓடிப்போய்க் குனிந்து, மூன்று சுற்றுத் திருகினால்தான் பிடிக்கும். அதற்குள் பலகைகள் தாமாகவே நின்றுபோயிருக்கும். இந்த மூன்று ஆண்டுகளில் அந்தத் திருகு ஆபத்து நேரத்தில் எனக்கு உதவியது ஒரு முறைகூட இல்லை. இரவில் குழந்தைகள் விளையாட்டாக ஏறிவிடாமல் பூட்டி வைப்பதற்கு அது நன்றாகவே பயன்படுகிறது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

வாங்கிய இரண்டாம் வாரமே தயாரித்தவரை அழைத்துச் சொன்னேன். "நாய்க்குப் பழகிரும் சார்" என்றார். நாய்க்குப் பழகியது உண்மைதான், எனக்குத்தான் பழகவில்லை. பிறகு உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் சைக்கிள் பிரேக் பிடியையும் கம்பியையும் வைத்து, முன்பக்கச் சட்டத்தில் கைக்கு எட்டுமாறு ஒரு பிரேக் செய்து வாங்கினேன். மொத்தச் செலவு 650 ரூபாய், அரை நாள் வேலை. இப்போது விலை குறைத்து வந்திருக்கும் புது மாடலின் படத்தை நண்பர் அனுப்பியிருந்தார். பக்கவாட்டுத் தகட்டின் வண்ணம் மாறியிருக்கிறது, தண்ணீர்ப் பாட்டில் செருக ஒரு வளையம் வந்திருக்கிறது, திருகு மட்டும் அதே இடப்புறத்தில், அதே பின்பக்கத்தில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தேன்.

பலகைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் ஒரு குறைதான். தட்டையான பகுதியில் 1 சென்டிமீட்டர் இருக்கும் இடைவெளி, பின் உருளையில் வளையும் இடத்தில் விரிந்துவிடுகிறது. நாய்க்கு முன்னங்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் மேலே ஒரு நகம் இருக்குமே, அது தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து வளரும். ஒரு தடவை பின்னுக்கு இழுபட்டபோது பேச்சியின் அந்த நகம் விளிம்பில் மாட்டி அடியோடு பிளந்தது. அன்று முதல் மாதம் இருமுறை நகம் வெட்டுவதைத் தவறவிடுவதில்லை.

இனி நல்லதைச் சொல்கிறேன். நான் எதிர்பார்க்காத நன்மை இந்த இயந்திரத்தின் சத்தத்திலிருந்து வந்தது. ஓடும்போது பலகைகள் கடகடவென்று எழுப்பும் ஒலியை முதல் மாதம் முழுவதும் வீட்டார் திட்டித் தீர்த்தார்கள்; கீழ்வீடும் நம்முடையதாக இருந்ததால் சண்டை வெளியே போகவில்லை. நாளடைவில் அந்த ஒலிக்குள் இருக்கும் தாளம் என் காதுக்குப் பிடிபட்டது. பெருநடையில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுப்பட்ட ஓட்டத்தில், முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து விழுவதால் தடக், தடக் என்று சீரான இரட்டைத் தாளம் வரும். பாய்ச்சலில் நான்கு அடிகள் நெருங்கி விழுந்து, நடுவே ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கும். சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் அதிகாலை, காபியோடு முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தபோது அந்த இரட்டைத் தாளத்தில் ஓர் அடி தேய்ந்து விழுவது கேட்டது. எழுந்து பார்த்தால் நடையில் நொண்டல் எதுவும் தெரியவில்லை. கீழே இறக்கி நடக்கவிட்டாலும் தெரியவில்லை. சந்தேகம் தீராமல் ஒவ்வொரு பாதமாக விரித்துப் பார்த்தபோது, வலது பின்னங்காலில் இரு விரல்களுக்கு நடுவே உடைமுள் ஒன்று முறிந்து உள்ளே நின்றிருந்தது. தோல் மூடத் தொடங்கியிருந்தது. தெருவில், மண்ணில் நடக்கிற நாயிடம் இதைக் கண்டுபிடிக்க, அது சீழ் பிடித்துக் காலைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பேரிங் மாற்றும்போது சத்தத்தை அடியோடு குறைக்க ரப்பர் விரிப்பு ஒட்டித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னதை மறுத்துவிட்டேன்.

அந்தப் பேரிங் விவகாரம் இதுதான். முதலில் போட்டிருந்தவை இரு பக்கமும் தகட்டு மூடி கொண்டவை. தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மயிரிழை சந்து இருக்கும். கரிசல் தூசிக்கு அதுவே போதும். மூன்றாம் ஆண்டில் அவை ஒவ்வொன்றாக ஊளையிட ஆரம்பித்தன. கழற்றிப் பார்த்தால் உள்ளே கிரீஸ் மை போலக் கறுத்து, இறுகிக் கிடந்தது. இப்போது ரப்பர் மூடி கொண்ட 6202 என்ற அளவுப் பேரிங்குகளைப் போட்டிருக்கிறேன். ரப்பர் உரசுவதால் முதல் சில நாட்கள் பலகை சற்றுக் கனமாக ஓடியது, பிறகு சரியாகிவிட்டது. ஊளை போய்விட்டதால் அடிகளின் தாளம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. கரிசல் பகுதிக்கு விற்பவர்கள் இதை முதலிலேயே போட்டுத் தந்திருக்கலாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வேகத்தைக் கணக்கிட நான் ஒரு பலகைக்கு மட்டும் செம்மண் நிறப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். சுற்றின் மொத்த நீளம் 4.2 மீட்டர். சிவப்புப் பலகை நிமிடத்துக்கு 40 முறை வந்தால் மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது நல்ல பெருநடை. 80 முறை என்றால் 20 கிலோமீட்டர். முதல் மாதத்தில் 12 நிமிடம் ஓடினாலே சோர்ந்து படுத்தவள், இன்று 35 நிமிடம் ஓடியும் கீழே இறங்க மனமில்லாமல் நிற்கிறாள். இதைப் பெருமையாகச் சொல்லத் தொடங்கினேன். எழுதும்போதே இது ஒரு புகாராகவும் தெரிகிறது. சோர்ந்து தூங்கட்டும் என்று வாங்கிய இயந்திரம், சோர்வதற்கு மும்மடங்கு நேரம் பிடிக்கும் நாயை எனக்குச் செய்து கொடுத்திருக்கிறது.

வெயிலைப் பற்றி நண்பருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் வியர்வை இல்லை; மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கு மேல் பேச்சியை நான் ஏற்றுவதில்லை. நாக்கு நீண்டு தொங்குவது இயல்பு. அதன் நுனி கரண்டி போல அகன்று, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிய வேண்டும், இந்த ஆழமான மார்புக்கூடு உள்ள இனங்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். கழுத்துப் பட்டையில் ஒருபோதும் கட்டக் கூடாது, மார்புப் பட்டையில்தான் கட்ட வேண்டும். கட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போகவும் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த இயந்திரத்தால் தர முடியாதது ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது இரண்டாம் ஆண்டு தை மாதம், அறுவடை முடிந்த ஓர் உளுந்துக் காட்டில். பங்குனி வந்தால் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துவிடும், வெடிப்பில் கால் சிக்கினால் எலும்பு முறியும். ஆகவே தை, மாசி மட்டுமே அங்கே ஓடவிடலாம். சைக்கிள் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, அதன் நுனியில் முயலுக்குப் பதிலாக ஆட்டுத்தோலைக் கட்டி, பேச்சி விரட்டுமாறு இழுத்தோம். நேர்க்கோட்டில் பேச்சி அம்பு மாதிரி போனாள். கயிறு முளைக்குச்சியைச் சுற்றித் திசை மாறிய இடத்தில் அவளால் திரும்ப முடியவில்லை. முன்னங்கால் மணிக்கட்டு மடங்கி உருண்டு விழுந்தாள். கால்நடை மருத்துவர் இரண்டு வாரம் ஓடவிடாமல் கட்டி வைக்கச் சொன்னார். பதினோரு மாதம் செக்கில் ஓடியவளுக்குத் தொடையும் நுரையீரலும் வளர்ந்திருந்தன. வளைந்து திரும்பும்போது எடையைத் தாங்க வேண்டிய தோளும் மணிக்கட்டும் அந்த வேலையை அறவே செய்ததில்லை. முயல் நேராக ஓடி உயிர் தப்புகிற பிராணி இல்லையே, அது வெட்டி வெட்டித்தான் ஓடும். அதை விரட்டப் பிறந்த உடம்புக்குத் திரும்புவதுதான் பாதி வேலை.

அதன் பிறகு ஓர் ஏழடி மூங்கில் கழியில் கயிறு கட்டி, நுனியில் அதே ஆட்டுத்தோலை முடிந்து, வாரம் இருமுறை மாடியிலும் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் தரையிலும் எட்டுப் போல வளைத்து ஆட்டுகிறேன். இடமாக எத்தனை சுற்றோ வலமாகவும் அத்தனை. ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் பேச்சியின் கண்ணில் வரும் வெளிச்சம் பலகை மேல் 35 நிமிடம் ஓடும்போது வருவதில்லை. முடிவில் தோலைப் பிடிக்கவிட்டுவிட வேண்டும். பிடிபடாமலே ஏமாற்றினால் அன்று முழுவதும் வீட்டுக்குள் எதையாவது தேடிக்கொண்டே அலைவாள். கழிக்கும் கயிற்றுக்கும் சேர்த்து ஆன செலவு 150 ரூபாய்.

டி.வி.எஸ் 50-இன் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தார்ச்சாலையில் ஓடவிடுகிறார்களே, அதற்கு இந்தச் செக்கு ஆயிரம் மடங்கு மேல். நாய் தன் வேகத்தைத் தானே முடிவு செய்கிறது, பாதம் வேகவில்லை, தெரு நாய்கள் கடிக்க வரவில்லை, மழை நாளிலும் ஓட்டம் தடைப்படவில்லை. என் இயந்திரத்தை யார் கேட்டாலும் விற்க மாட்டேன். ஆனாலும் நண்பரே, நீங்கள் இதை வாங்க வேண்டாம். நல்ல இயந்திரம்தான், மூன்று ஆண்டுகளாகச் சொல்லியும் ஒரு திருகை இரண்டு மீட்டர் முன்னால் நகர்த்தி வைக்காதவர்களிடம் இன்னொரு விலையைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வேனோ என்னவோ, இன்றைக்கு இதுதான் பதில்.

என்னிடம் மூங்கில் கழி இரண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பயலையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். ஆட்டுத்தோல் மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே இருந்ததைப் பேச்சி நேற்று கிழித்துவிட்டாள்.