ஒரு நிமிட ஆட்டத்துக்கு எந்தக் கம்பிட்: எங்லண்டா, ஸ்டாஃபோர்டா, பிளாக்மார்-டீமரா?

கம்பிட் என்றால் செஸ் ஆட்டத்தின் தொடக்கத்தில் தாக்குதலுக்காகச் சிப்பாயையோ காயையோ வேண்டுமென்றே கொடுப்பது. இந்த மூன்றையும் ஸ்டொக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தால் மூன்றும் பிழை என்றுதான் சொல்லும். ஆறுதலாக யோசிக்க நேரமுள்ள எதிராளி சிப்பாயையும் வாங்கிக்கொள்வார், தாக்குதலையும் அணைத்துவிடுவார். ஆனால் கல்லடியிலோ கல்முனையிலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை எடுத்து 1+0 (ஆளுக்கு ஒரு நிமிடம், நகர்வுக்குக் கூடுதல் விநாடி இல்லை) தேடுகிறவருக்கு அப்படியான எதிராளி கிடைப்பதில்லை. மறுபக்கத்தில் இருப்பவரிடமும் 60 விநாடிதான். ஆட்டம் 40 நகர்வு நீண்டால் ஒரு நகர்வுக்கு ஒன்றரை விநாடி. ஆறாம் நகர்வில் அவர் 8 விநாடி முழித்தால், ஐந்து நகர்வுக்கான நேரம் போய்விட்டது. ஒரு சிப்பாய்க்கு அது நல்ல விலை.

ஆகவே இங்கே அளவுகோல் வேறு. பொறி எவ்வளவு அழகானது என்று பார்க்க வேண்டாம். பொறியில் விழாத ஒருவருக்கு எதிராக, அடுத்த முப்பது நகர்வை உங்களால் யோசிக்காமல் ஆட முடியுமா என்று பாருங்கள். இந்தக் கேள்வியை வைத்தால் மூன்றுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரியும்.

கீழே கட்டங்களை ஏ முதல் எச் வரை தமிழிலேயே எழுதியிருக்கிறோம். × என்றால் வெட்டு, + என்றால் செக், 0-0, 0-0-0 என்றால் காஸ்லிங். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு.

முதலில் பிரீமூவ், அதாவது எதிராளி ஆடும் முன்பே உங்கள் அடுத்த நகர்வை வைத்துவிடுவது. லீசெஸ், செஸ்.கொம் இரண்டும் இணையச் செஸ் தளங்கள். லீசெஸ்ஸில் பிரீமூவுக்கு நேரம் கழியாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைக்கலாம். செஸ்.கொம்மில் ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி கழியும். ஆனால் பலவற்றை வரிசையாக அடுக்கி வைக்கலாம். இரண்டிலும், எதிராளி வேறு ஏதாவது ஆடி உங்கள் பிரீமூவ் விதிப்படி செல்லாது போனால் அது தானாக ரத்தாகும். இதைச் சரியாகப் பயன்படுத்தும் கம்பிட்தான் புல்லட்டில், அதாவது இந்த ஒரு நிமிட ஆட்டத்தில், லாபம் தரும்.

எங்லண்ட்

1.டி4 ஈ5. இது கறுப்புக்குரியது. இதன் பெரிய பலம், எதிராளியின் சம்மதம் தேவையில்லை. டி4 ஆடும் எவருக்கும் இதை ஆடலாம். பிரபலமான பொறி இது:

2.டி×ஈ5 குதிரை சி6 3.குதிரை எஃப்3 ராணி ஈ7 4.பிஷப் எஃப்4 ராணி பி4+ 5.பிஷப் டி2 ராணி×பி2 6.பிஷப் சி3 பிஷப் பி4 7.ராணி டி2 பிஷப்×சி3 8.ராணி×சி3 ராணி சி1, மேட்.

எட்டாவதில் குதிரையால் வெட்டினால் ராணி×ஏ1+, கோட்டை போய்விடும். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆறாவதில் வெள்ளை 6.குதிரை சி3 என்று மிக இயல்பான ஒரு நகர்வை ஆடினால் கதை மாறிவிடும்: 6...பிஷப் பி4 7.கோட்டை பி1 ராணி ஏ3 8.கோட்டை பி3 ராணி ஏ5. சிப்பாய்க் கணக்கு சமம்தான். ஆனால் கறுப்பின் எட்டு நகர்வில் ஐந்து ராணிக்கே போயிருக்கிறது. வெள்ளை 9.ஈ4 தள்ளியதும் மையம், முன்னேற்றம் எல்லாம் அவருடையது. அதற்கு முன்பே 4.குதிரை சி3 ஆடுகிறவர்களும் உண்டு. அப்போது ராணி பி4இல் போய் நின்றால் செக்கே கிடையாது, 5.ஏ3 என்று விரட்டுவார். 4...குதிரை×ஈ5 என்று சிப்பாயைத் திருப்பி எடுத்தாலும் 5.குதிரை டி5 வந்து ராணியையும் சி7ஐயும் ஒன்றாகக் கேட்கும்.

எங்லண்ட் புல்லட்டில் உண்மையில் சம்பாதிப்பது இந்த மேட்டில் அல்ல, இரண்டாம் நகர்வில். லண்டன் சிஸ்டம் (டி4, பிறகு பிஷப் எஃப்4 என்ற தொடக்கம்) ஆடுகிறவர்கள் 1.டி4 ஆடிய கையோடு பிஷப் எஃப்4ஐ பிரீமூவ் செய்து வைப்பார்கள். 1...ஈ5 2.பிஷப் எஃப்4 ஈ×எஃப்4. ஒரு பிஷப் சும்மா வந்தது. குதிரை எஃப்3ஐ பிரீமூவ் செய்தவருக்கு 2...ஈ4 என்று தள்ளி, குதிரையை அலைக்கழிக்கலாம்.

இதனால்தான் 2...குதிரை சி6ஐ நீங்கள் பிரீமூவ் செய்யவே கூடாது. செய்தால் இலவச பிஷப்பை வெட்டும் வாய்ப்பு போய்விடும். 2.டி5 தள்ளும் எதிராளியோ உங்கள் குதிரையை 3.டி×சி6 என்று வெட்டிவிடுவார். அதற்கடுத்த 3...ராணி ஈ7ஐப் பெரும்பாலும் பயமின்றி பிரீமூவ் செய்யலாம்.

தீர்ப்பு: லண்டன் கூட்டத்துக்கு எதிராக மட்டும் வைத்திருங்கள். பொறி பிழைத்தால் மீதி ஆட்டம் முழுக்க ராணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் ராணிக்கு ஒவ்வொரு நகர்விலும் யோசனை வேண்டும்.

ஸ்டாஃபோர்ட்

1.ஈ4 ஈ5 2.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3.குதிரை×ஈ5 குதிரை சி6 4.குதிரை×சி6 டி×சி6.

இதுவும் கறுப்புக்குரியது. 1950இல் தபால்வழி ஆட்டம் ஒன்றில் ஸ்டாஃபோர்ட் 5.ஈ5 குதிரை ஈ4 6.டி3 பிஷப் சி5 என்று ஆறே நகர்வில் வென்றதிலிருந்து பெயர் வந்தது. ஏழாவதில் குதிரையை வெட்டினால் பிஷப்×எஃப்2+, 8.ராஜா ஈ2 பிஷப் ஜி4+, ராணி போகும். இன்று இது இவ்வளவு பரவியதற்கு அமெரிக்க செஸ் வீரர் எரிக் ரோசனின் நேரலைகள் முக்கிய காரணம்.

இரண்டாவது பொறி 5.டி3 பிஷப் சி5 6.பிஷப் ஜி5 வரும்போது: 6...குதிரை×ஈ4 7.பிஷப்×டி8 பிஷப்×எஃப்2+ 8.ராஜா ஈ2 பிஷப் ஜி4, மேட். ஏழாவதில் டி×ஈ4 என்று வெட்டினாலும் அதே பிஷப்×எஃப்2+ வந்து ராணியைப் பறிக்கும்.

எங்லண்டைவிட இது ஏன் மேல்? பொறி தவறினாலும் கறுப்பிடம் திட்டம் மிஞ்சுகிறது. 6.பிஷப் ஈ2 என்று கவனமாக ஆடினால் 6...எச்5. வெள்ளை 7.0-0 கட்டினால் குதிரை ஜி4, 8.எச்3 என்று விரட்டினால் ராணி டி6, எச்2இல் மேட் மிரட்டல். குதிரையை வெட்டினால் எச்5 சிப்பாய் திருப்பி வெட்ட, எச் வரிசை கோட்டைக்குத் திறக்கும். சரியான பதில் 7.சி3. பிறகு குதிரை ஜி4 8.டி4 என்று பிஷப்பின் வழியை மறித்துவிடுவார். ஐந்தாவதிலேயே 5.எஃப்3 ஆடுபவரும் மெல்ல மெல்ல சி3, டி4 கட்டி முடித்துவிடுவார். மூன்று நிமிட ஆட்டத்தில் பலர் இதைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு நிமிடத்தில் முதல்முறை சந்திப்பவருக்குக் கஷ்டம்.

பிரீமூவில் ஒரு நுட்பம். 3...குதிரை சி6 ஆடியதும் டி×சி6ஐ உடனே பிரீமூவ் செய்யுங்கள். எதிராளி வெட்டினால் திருப்பி வெட்டும், 4.குதிரை எஃப்3 என்று பின்வாங்கினால் ரத்தாகும், நீங்கள் ஆறுதலாக குதிரை×ஈ4 எடுக்கலாம், சிப்பாய்க் கணக்கு சமம். ஆபத்தே இல்லை. ஆனால் அடுத்த 5...பிஷப் சி5ஐ பிரீமூவ் செய்யும் பழக்கம் பலரைக் கெடுக்கிறது. 5.ஈ5 வந்தால் குதிரை போகும், 5.டி4 வந்தால் பிஷப்பே போகும். அந்த ஒரு நகர்வைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆடுங்கள்.

குறை என்னவென்றால் ஸ்டாஃபோர்ட் அடிக்கடி வாய்க்காது. வெள்ளை ஈ4 ஆட வேண்டும், குதிரை எஃப்3 ஆட வேண்டும், பிறகு ஈ5ஐ வெட்டவும் வேண்டும். மூன்றாவதில் குதிரை சி3, டி3, பிஷப் சி4 என்று போகிறவர்களுக்கு எதிராக வேறு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

பிளாக்மார்-டீமர்

1.டி4 டி5 2.ஈ4 டி×ஈ4 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.எஃப்3 ஈ×எஃப்3 5.குதிரை×எஃப்3.

இது வெள்ளைக்குரியது. அமெரிக்கரான ஆர்மண்ட் பிளாக்மார் தொடங்கிய யோசனையை ஜெர்மனியின் எமில் டீமர் (1908–1990) வளர்த்து வாழ்நாள் முழுக்க ஆடினார். மூன்றில் புல்லட்டுக்கு நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். காரணம், இது பொறியை நம்பி நிற்கவில்லை. ஒரு சிப்பாய் கொடுத்து, கோட்டைக்குத் திறந்த எஃப் வரிசையும் எல்லாக் காய்க்கும் நல்ல இடமும் வாங்குகிறீர்கள். கறுப்பு ஈ6 ஆடினாலும் ஜி6 ஆடினாலும் உங்கள் கை பழகிய அதே பாதையில் போகும்: பிஷப் டி3, 0-0, ராணி ஈ1, ராணி எச்4. ஈ6 என்றால் பிஷப் ஜி5ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு ஈ7இல் பிஷப்பை வைத்துக் காஸ்லிங் செய்திருந்தால் எச்7ஐக் காப்பது எஃப்6 குதிரை மட்டுமே. பிஷப்×எஃப்6, பிஷப்×எஃப்6, ராணி×எச்7 மேட். புல்லட்டில் அந்தத் திருப்பி வெட்டுவதைப் பிரீமூவ் செய்து வைத்திருப்பவர்கள் ஏராளம்.

பிரீமூவுக்கும் இது ஒத்துப்போகிறது. 2.ஈ4ஐ முதல் நகர்விலேயே வைத்துவிடலாம். 1...எஃப்5 வந்தால் அது ஸ்டான்டன் கம்பிட், 1...ஈ5 வந்தால் சாதாரண மைய ஆட்டம். உண்மையான ஆபத்து 1...குதிரை எஃப்6 ஒன்றுதான், 2...குதிரை×ஈ4 என்று சிப்பாயைச் சும்மா எடுப்பார். 3.குதிரை சி3ஐயும் பயமின்றி வைக்கலாம். கறுப்பு ஈ6 ஆனாலும் சி6 ஆனாலும் அந்த நகர்வு பொருந்தும். பிறகு அவர் ஈ4ஐ வெட்டினால் எஃப்3 தள்ளி, பெரும்பாலும் அதே நிலைகளுக்கே திரும்பி வருவீர்கள்.

4.எஃப்3ஐ மட்டும் பிரீமூவ் செய்யாதீர்கள். 3...ஈ5 என்ற எதிரடி இருக்கிறது. அப்போது எஃப்3 போனால் ஈ×டி4, சி3 குதிரைக்கு அடி. ராணியால் டி4ஐ வெட்டினால் டி8 ராணி உங்கள் ராணியையே வெட்டும். 3...ஈ5க்கு 4.டி×ஈ5 ஆடினாலும் ராணிகள் பரிமாறி ஆட்டம் சமமாகிவிடும், தாக்குதல் இருக்காது. இந்தக் கம்பிட்டுக்கு நேர்மையான பதில் இதுவும், 5...சி6 பிறகு பிஷப் எஃப்5 என்ற கட்டமைப்பும்தான்.

இன்னொரு இடறல்: பிஷப் டி3 வந்ததும் டி4 சிப்பாயை ராணியால் காக்க முடியாது, எஃப்3 குதிரை மட்டுமே காவல். கறுப்பு பிஷப் ஜி4 வைத்து குதிரை சி6 கொண்டுவந்தால் அது விழும். ஆகவே 5...பிஷப் ஜி4 கண்டால் முதலில் 6.எச்3 கேளுங்கள். 6...பிஷப்×எஃப்3 7.ராணி×எஃப்3 ராணி×டி4 என்று ஆசைப்பட்டால் 8.ராணி×பி7, ஏ8 கோட்டை மாட்டும்.

பொறி வேண்டும் என்பவர்களுக்கு 5.ராணி×எஃப்3 இருக்கிறது. இரண்டாவது சிப்பாயும் போகும்: 5...ராணி×டி4 6.பிஷப் ஈ3 ராணி பி4 7.0-0-0 பிஷப் ஜி4. ராணியையும் அதன் பின்னால் கோட்டையையும் ஒன்றாகக் குத்துவது போல் தெரிவதால் அவசரத்தில் கை தானாக இங்கேதான் போகும். 8.குதிரை பி5! சி7இல் மேட் மிரட்டல். ராணியால் குதிரையை வெட்டினால் பிஷப்×பி5+ செக். 8...ஈ5 9.குதிரை×சி7+ ராஜா ஈ7 10.ராணி×பி7 ராணி×பி7 11.பிஷப் சி5, மேட். ஆனால் 6...ராணி ஜி4 தெரிந்தவரிடம் இரண்டு சிப்பாயைச் சும்மா கொடுத்ததாகிவிடும். ஐந்தாவதில் குதிரையால் வெட்டுவதே நிரந்தரப் பழக்கமாக இருக்கட்டும்.

ஹாலோவீன் கம்பிட்டைப் பற்றியும் கேட்பார்கள்: 1.ஈ4 ஈ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.குதிரை×ஈ5. ஒரு சிப்பாய்க்கு முழுக் குதிரை. குதிரைகளைத் துரத்துவது சுகம்தான். 4...குதிரை×ஈ5 5.டி4 குதிரை ஜி6 6.ஈ5 குதிரை ஜி8 7.பிஷப் சி4 டி5 தெரிந்தவரிடம் அத்தோடு முடிந்தது.

நேரம், டேட்டா, எதிராளி

1+0இல் மூன்றும் உயிரோடு இருக்கும். 3+0இல் எங்லண்டைக் கைவிடுங்கள், ஸ்டாஃபோர்ட் இன்னும் தாங்கும். 3+2 போல ஒவ்வொரு நகர்வுக்கும் விநாடி கூடும் ஆட்டத்தில் நேரத்தால் வெல்லும் வழி அடைபடுகிறது. ஒரு சிப்பாய் கூட வைத்திருப்பவர் கடைசிவரை இரண்டு விநாடியில் ஆடிக்கொண்டே போவார். அங்கே பிளாக்மார்-டீமர் மட்டுமே பொருட்படுத்தத்தக்கது.

லீசெஸ் அரீனாவில் (தொடர்ந்து ஆடிப் புள்ளி சேர்க்கும் போட்டி) பெர்செர்க் (மேலதிகப் புள்ளிக்காகத் தன் நேரத்தில் பாதியை விட்டுக்கொடுப்பது) அழுத்துகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். மேலதிகப் புள்ளி கிடைக்க ஏழு நகர்வாவது ஆடியிருக்க வேண்டும். ஸ்டாஃபோர்டின் ஆறு நகர்வு வெற்றியில் எதிராளி உடனே கைவிட்டால் அந்தப் புள்ளி வராது.

லீசெஸ்ஸின் பிரதான சேர்வர் பிரான்ஸில் இருக்கிறது. தாமதத்தை ஓரளவு அது ஈடுசெய்யும். ஆனால் பிரீமூவ் உங்கள் போனிலேயே காத்திருந்து, எதிராளியின் நகர்வு வந்து சேர்ந்த பின்தான் போகும். களுவாஞ்சிக்குடியில் இருந்து கல்முனை போகும் பஸ்ஸில் சிக்னல் ஏறி இறங்கும்போது பிரீமூவ் கணக்கை நம்பி ஸ்டாஃபோர்ட் ஆடினால் சிக்கல்தான். அந்த நேரத்தில் 3+2க்கு மாறிவிடுங்கள்.

எதிராளி யார் என்பதும் முக்கியம். உலகம் முழுக்கத் தேடினால் தினமும் புது ஆள், ஒரே பொறியை எத்தனை தடவையும் வைக்கலாம். ஆனால் வந்தாறுமூலை, ஒலுவில் விடுதிகளில் நண்பர்கள் ஒரு வட்ஸ்அப் குழுவுக்குள் நடத்தும் அரீனாவில் அதே பத்துப் பேர்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். எங்லண்டின் ராணி சி1 மேட்டில் ஒரு தடவை மாட்டியவர் ஸ்கிரீன்ஷொட்டைக் குழுவில் போட்டுவிடுவார், அடுத்த வாரம் எல்லாரும் 6.குதிரை சி3 ஆடுவார்கள். இங்கே பிளாக்மார்-டீமரின் ராணி எச்4 திட்டம் தெரிந்தாலும் தடுப்பது கடினம். பாடசாலைப் போட்டியில் பலகையில் ஆடப்போகும் பிள்ளைகளுக்கு எங்லண்டைப் பழக்கவே வேண்டாம். அங்கே எதிராளிக்கு ஆறாம் நகர்வில் பத்து நிமிடம் யோசிக்க முடியும்.

எதை எடுத்தாலும், லீசெஸ்ஸின் திறப்புத் தரவுத்தளத்தில் புல்லட்டை மட்டும் தெரிவுசெய்து, உங்கள் ரேட்டிங் அளவையும் குறித்து, எதிராளிகள் உண்மையில் எந்த நகர்வை அதிகம் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். முதலில் பாடமாக்க வேண்டியது அந்த முதல் இரண்டு பதில்களை. கணினி சொல்லும் சிறந்த பதிலைப் பிறகு படிக்கலாம்.